கீழமாசி வீதிப் பொடிக்கடையும் ஃபோஷான் சமையலறையும்

விளக்குத்தூண் பக்கம் இறங்கி, கீழமாசி வீதியில் மளிகை மொத்தக் கடைகளைத் தாண்டி நடந்தால், மூட்டை இறக்கும் வண்டிகளுக்கு நடுவே ஒரு சந்து பிரியும். அதில் நாலாவது வாசல். பெயர்ப் பலகை கிடையாது. "பொடிக்கடை அக்கா வீடு எது?" என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். வீட்டின் முன்பகுதிதான் கடை. வறுப்பது பின்கட்டில், அரைப்பது பக்கத்துத் தெரு மில்லில். வண்டி நிறுத்த இடமே இல்லை, ஆட்டோவில் போவது உத்தமம். சித்திரைத் திருவிழாவில் தேர் மாசி வீதிகளைச் சுற்றும் நாளில் அந்தப் பக்கம் போகவே வேண்டாம், கடையும் அன்று திறக்காது.

மதுரையிலேயே இருந்து வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்காக இதை நான் எழுதவில்லை. அவர்களுக்கு இதுபோல நல்ல கடைகள் ஊருக்குள் நிறைய உண்டு. சீனாவுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்காகவும், பின்னாலேயே குடும்பத்தோடு போகப்போகிறவர்களுக்காகவும் எழுதுகிறேன். என் கணவர் குவாங்தோங் மாகாணத்தில் இருக்கும் ஃபோஷான் நகரில் டைல்ஸ் ஏற்றுமதியில் தரச் சோதனை வேலை பார்க்கிறார். டைல்ஸுக்கும் பீங்கானுக்கும் பேர்போன ஊர் அது. சில வருடங்களாக நான் அங்கே குடித்தனம் நடத்துகிறேன். விடுமுறைக்கு வில்லாபுரத்தில் அம்மா வீட்டுக்கு வந்தால் தெருவில் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "சீனாவுல மாசத்துக்கு எவ்வளவும்மா ஆகுது?"

அந்தக் கேள்விக்கும் இந்தக் கடைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

சீனப் பணமான யுவானின் மதிப்பு ஏறி இறங்கும். கணக்குக்கு ஒரு யுவான் 12 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வாடகை 2,800 யுவான். பக்கத்தில் இருக்கும் குவாங்சோவில், தியான்ஹெ போன்ற அலுவலகப் பகுதியில் இதே அளவு வீடு கேட்டால் இதைப்போல இரண்டு மடங்கு. ஆனால் பலரைத் திணறடிப்பது மாத வாடகை இல்லை, முதல் நாள் கட்ட வேண்டிய தொகை. ஒரு மாத முன்பணமும் மூன்று மாத வாடகையும் சேர்த்துக் கட்டுவது சீனாவில் பல இடங்களில் வழக்கம். எங்களுக்கு அது 11,200 யுவான் ஆனது, அதாவது 1,34,400 ரூபாய். அதற்கு மேல் தரகருக்கு அரை மாத வாடகை. சம்பளம் கைக்கு வரும் முன்பே இத்தனையும் எடுத்து வைக்க வேண்டும். வந்து இறங்கிய 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் தங்குமிடத்தைப் பதிந்துவிட வேண்டும். ஓட்டலில் தங்கினால் ஓட்டல்காரரே பதிந்துவிடுவார், வீட்டில் தங்கினால் அது நம் பொறுப்பு. வேலை விசாவில் வருகிறவர் வந்த 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். கணவரோடு வரும் மனைவிக்குக் கிடைக்கிற விசாவில் வேலை பார்க்க முடியாது. ஆக, பெரும்பாலான வீடுகளில் சம்பளம் ஒன்றுதான்.

மற்றபடி போக்குவரத்து மலிவு. மெட்ரோ 2 யுவானில் தொடங்குகிறது. வாடகை சைக்கிள் அரை மணி நேரத்துக்கு ஒன்றரை யுவான் அளவில். மின்சாரம் யூனிட்டுக்கு 0.6 யுவான் அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏறும். கோடையில் ஏசி போட்டால் எங்களுக்கு மாதம் 350 யுவான் வரை போகும். அரசு மருத்துவமனையில் டாக்டரைப் பார்க்கச் சீட்டு சில யுவானிலேயே கிடைத்துவிடும், ஆனால் ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன்பே பணம் கட்ட வேண்டும். பள்ளிக்கூடத்தில்தான் கை வைக்கவே முடியாது. பெரிய நகரங்களின் சர்வதேசப் பள்ளிகளில் ஆண்டுக்கு 2 லட்சம் யுவானுக்கு மேல் கேட்பது சாதாரணம். அது ஏறக்குறைய 24 லட்சம் ரூபாய். நிறுவனம் அந்தச் செலவை ஏற்காவிட்டால் நம்மைப் போன்றவர்களுக்கு வழியில்லை. என் மகள் வில்லாபுரத்தில் அம்மாவோடு இருந்து படிப்பது அதனால்தான். வேலைக்கு ஒப்பந்தம் பேசும்போதே வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், விமான டிக்கெட் மூன்றையும் கேட்டுவிடுங்கள். சம்பளத்தில் சேர்த்துக்கொள்ளச் சொன்னால் மறுத்துவிட்டு, தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். மாதச் செலவு நம் கைக்குள் இருப்பது இதில் மட்டும்தான்.

தனியாகப் போகும் ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். குவாங்சோவில் இந்திய உணவகத்தில் ஒரு தோசை 35 முதல் 45 யுவான். ஒரு நாளைக்கு இரண்டு வேளை அங்கே சாப்பிட்டால் 80 யுவான், மாதம் 2,400. ரூபாயில் 28,800. அங்கத்து மக்கள் சாப்பிடும் கடையில் சோறும் இரண்டு கூட்டும் வைத்த டப்பா 15, 20 யுவானுக்குக் கிடைக்கும். காலையில் ஆவியில் வெந்த பன்னும் சோயாப் பாலும் 5, 6 யுவானில் முடிந்துவிடும். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இதில் சிரமமில்லை. சைவம் என்றால் காய்கறி வதக்கலிலும் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பௌத்தக் கோயில்களின் பக்கம் சைவச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு, விலையும் நியாயம்தான். ஆனால் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டும்.

அதே பையன் வீட்டில் பொங்கிச் சாப்பிட்டால்? 5 கிலோ அரிசி 35 யுவான், ஒரு வேளைச் சோற்றுக்கு 1 யுவான். கால் கிலோ கீரை 2 யுவான். அக்கா கடைப் பருப்புப் பொடி கால் கிலோ 130 ரூபாய், ஒரு வேளைக்கு இரண்டு கரண்டி போட்டால் அதுவும் 1 யுவான் கணக்கு. எண்ணெய், தாளிப்பு எல்லாம் சேர்த்தாலும் ஒரு வேளை 5 யுவானைத் தாண்டாது. அதாவது 60 ரூபாய். மதுரையில் ஒரு சாதாரண மெஸ்ஸில் இந்த விலைக்குச் சாப்பாடு கிடைப்பது இப்போது அபூர்வம்.

இந்தப் பொடிக்கடைக்கு நான் இவ்வளவு மதிப்புக் கொடுப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். ஊர் நினைப்பு வந்து பொடி தின்பதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2,500 ரூபாய்க்கு அக்கா கட்டிக்கொடுக்கும் பொட்டலம் ஒரு ஆளுக்கு இரண்டு மாதம் வரும். வாடகையும் முன்பணமும் கட்டிக் கை காய்ந்துபோயிருக்கும் முதல் இரண்டு மாதத்தில் அந்தப் பொட்டலம் உங்களைக் கடன் வாங்க விடாது. என் தங்கை மாப்பிள்ளையின் சிநேகிதர் ஒருவர் போன வருடம் போனபோது நான் சொல்லி வாங்கவைத்தது இதைத்தான். அவரே என்னிடம் சொன்ன வார்த்தை: "அக்கா, மொத மாசம் நான் வெளியில செலவு பண்ணது ரெண்டு தடவ டீக்குத்தான்."

எதை வாங்க வேண்டும், எதை வாங்க வேண்டாம் என்பதில் பலர் குழம்புகிறார்கள். பெட்டியில் 23 கிலோதான் என்றால் 10 கிலோ அரிசியை வைத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு வயிறு எரியும். அரிசி வேண்டவே வேண்டாம். குவாங்சோவைச் சேர்ந்த செங்செங் பகுதியில் விளையும் ஸிமியாவ் அரிசி ஒல்லியாக, நீளமாக, ஒட்டாமல் உதிரியாக வரும். பொன்னி சாப்பிட்ட வாய்க்கு அது பழக இரண்டு நாள் போதும். வடகிழக்குச் சீனத்து அரிசி என்று எழுதிய பையை மட்டும் எடுக்காதீர்கள், அது குட்டையாக, பிசுபிசுப்பாக இருக்கும்.

குக்கரும் வேண்டாம். மிடியா நிறுவனத்தின் தலைமையகம் எங்கள் ஃபோஷானில் ஷுன்தெ பகுதியில்தான் இருக்கிறது. 100, 150 யுவானுக்கு நல்ல மின்சாரக் குக்கர் வாங்கலாம். கடலை எண்ணெயும் வேண்டாம். குவாங்தோங்காரர்கள் நம்மைப் போலவே கடலை எண்ணெயில் சமைப்பவர்கள். உலகத்திலேயே அதிகமாக நிலக்கடலை விளைவதும் சீனாவில்தான். சீரகம் ஷின்ஜியாங்கிலிருந்து வருகிறது, வாசனையாகவும் இருக்கும். சோம்பு, பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, பிரிஞ்சி இலை எல்லாம் சந்தையில் கூடை கூடையாக. வற்றல் மிளகாயும் தாராளம், இந்தியாவின் வற்றல் மிளகாயை அதிகம் வாங்கும் நாடே சீனா. வெல்லத்துக்குப் பதில் கரும்புச் சர்க்கரைத் துண்டு கிடைக்கிறது, பொங்கலுக்கு நான் அதைத்தான் போடுகிறேன். எள், கொத்தமல்லித் தழை, இஞ்சி, பூண்டு, தேங்காய் எதற்கும் குறைவில்லை.

காய்கறியும் அப்படியே. பாகற்காய், பீர்க்கங்காய், பூசணி, வெண்டை, நீளக் கத்தரி, தட்டைப்பயற்றங்காய், சேப்பங்கிழங்கு, சிவப்புத் தண்டுக்கீரை. முதல் தடவை எங்கள் தெருச் சந்தைக்குள் நுழைந்தபோது பரவை மார்க்கெட்டுக்குள் போனமாதிரி மனசு நிறைந்தது. ஒன்று மட்டும் கவனம்: பலகையில் எழுதிய விலை அரை கிலோவுக்கு. அதைக் கிலோ விலை என்று நினைத்துக்கொண்டு மாதக் கணக்குப் போட்டால் பாதிதான் வரும். பால் விலை நம்ம ஊரைப்போல மூன்று மடங்கு. தயிர் பெரும்பாலும் சர்க்கரை போட்டுத்தான் வரும், சர்க்கரை இல்லாததைத் தேடி வாங்கி உறை ஊற்றிக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் பணம் கட்டக் கைபேசியில் அலிபே செயலியோ வீசாட் பேயோ போதும். 2023 முதல் நம் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளையே அதில் இணைத்துக்கொள்ளலாம். 200 யுவானுக்குள் கட்டணம் இல்லை, அதற்கு மேல் 3 சதவீதம் பிடிப்பார்கள். பெரிய சாமானாக இருந்தால் அங்கே வங்கிக் கணக்கு திறந்த பிறகு வாங்குவது நல்லது.

ஆக, மதுரையிலிருந்து எடுத்துப்போக வேண்டியது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் முக்கால்வாசி இந்தக் கடையில் இருக்கிறது.

முதல் இடம் கறிவேப்பிலைப் பொடிக்கு. பச்சைக் கறிவேப்பிலை எங்கள் சந்தையில் கிடையாது. ஊரிலிருந்து எடுத்துப்போகவும் கூடாது. பச்சைக் காய், பழம், இலை, நாற்று எதையும் பயணிகள் கொண்டுவர சீனச் சுங்கம் அனுமதிப்பதில்லை. அக்கா கடைப் பொடியில் இலைதான் அதிகம், உளுந்து குறைவு. மற்ற கடைகளில் எனக்கு நேர் மாறாகத்தான் கிடைத்திருக்கிறது. இலையை நிழலில் உலர்த்தி, கடைசியில் வெறும் சட்டியில் ஒரு புரட்டுப் புரட்டி எடுக்கிறார், அதனால் நிறம் கறுக்காமல் பச்சையாகவே நிற்கிறது. சாம்பார் இறக்கும்போது அரை ஸ்பூன் தூவினால் இலை போட்ட வாசனை வரும். கால் கிலோ 160 ரூபாய், கொஞ்சம் அதிகம்தான். இலை உலர்ந்தால் எவ்வளவு சுருங்கும் என்று வீட்டில் செய்து பார்த்தவர்கள் விலை கேட்டுச் சண்டை போடமாட்டார்கள்.

பருப்புப் பொடி நன்று. துவரம்பருப்பு அங்கே இந்திய மளிகைக் கடையில் கிலோ 25 யுவான் வரை கொடுத்து வாங்கியிருக்கிறேன், 300 ரூபாய். அதனால் பருப்பைப் பொடியாகவே கொண்டுபோவது இரட்டை லாபம். பூண்டு போட்டது, போடாதது என்று இரண்டு விதம் உண்டு. போடாததை வாங்குங்கள், அது நாள்பட இருக்கும்.

ரசப்பொடிதான் இந்தக் கடையில் என் கணவருக்கு உயிர். மிளகு தூக்கலாக, தனியா மட்டாக இருக்கும். குவாங்தோங் மழைக்காலத்தில் சளி பிடித்தால் எங்கள் வீட்டில் முதல் மருந்து இதுதான். குழம்புத்தூள் எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. காரம் அதிகம், வாசனை அந்த அளவுக்கு இல்லை. மிளகாயைக் கூட்டிக் கட்டுப்படியாக்குகிறாரோ என்று தோன்றுகிறது. பெருங்காயம் கட்டியாகவே வைத்திருக்கிறார். சீனச் சந்தையில் பெருங்காயம் நான் பார்த்ததே இல்லை, மறக்காமல் வாங்குங்கள். மூன்று உறை போட்டுக் கட்டாவிட்டால் பெட்டியில் இருக்கும் சட்டை எல்லாம் மணக்கும்.

புளி பற்றிப் பேசும்போது அக்காவுக்கு நம்பிக்கையே வரவில்லை. "ஏம்மா, அவ்வளவு பெரிய நாட்டுல புளி இல்லாமலா குழம்பு வைக்கிறாங்க?" என்றார். தாய்லாந்து இனிப்புப் புளியம்பழம் பழக்கடையில் கிடைக்கும், அது தின்பதற்குத்தான் ஆகும் என்று சொன்னேன். உடனே உள்ளே போய், கொட்டை, நார் எல்லாம் எடுத்த பழம்புளியை அரை கிலோ அரை கிலோவாக அழுத்திக் கட்டிக் கொண்டுவந்தார். கொட்டை எடுத்தது என்பது முக்கியம். முளைக்கக்கூடிய விதை எதையும் சீனாவுக்குள் கொண்டுபோகக் கூடாது. கீரை விதை, முருங்கை விதை, தோட்டத்துக்கு என்று எடுத்துப் போகிறவர்கள் தயவுசெய்து வேண்டாம். பயறு வகையிலும் உடைத்த பருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய புளிக்காய்ச்சலும் நல்ல ருசி, ஆனால் எண்ணெய் மிதக்கும். கைப்பையில் வைக்க முடியாது, பெட்டியில் வைத்தால் கசியும்.

சுங்க விஷயத்தில் இன்னும் சிலவற்றைச் சொல்லவேண்டும், ஏனென்றால் மதுரையில் ஆசை ஆசையாகக் கட்டிக்கொடுப்பவை இவைதான். உப்புக்கண்டம் கூடாது. இறைச்சி எந்த வடிவத்திலும் கூடாது, முட்டையும் அப்படியே. பால், வெண்ணெய் வகைகள் தடைப்பட்டியலில் இருப்பதால் நெய்யையும் விட்டுவிடுங்கள். சுண்டை வற்றல், மணத்தக்காளி வற்றல் கேட்டால், மோரில் போடாமல் உப்பில் மட்டும் உலர்த்தியதாகத் தரச் சொல்லுங்கள், அக்கா தனியாக வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் விட முக்கியம் கசகசா. சீனாவில் கசகசாவைச் சமையல் பொருளாக விற்கவே அனுமதியில்லை, அபினோடு சேர்த்துப் பார்க்கும் விஷயம் அது. நம்ம ஊர் கறி மசாலாவில் கசகசா சர்வ சாதாரணம். அக்காவிடம் நான் இதைச் சொன்னதும், வெளிநாடு போகிறவர்களுக்கு என்று கசகசா இல்லாமல் ஒரு கறி மசாலா தனியாக அரைக்க ஆரம்பித்தார். வளைகுடா போகிறவர்களும் இப்போது அதைத்தான் வாங்குகிறார்கள். இதை இரண்டு நாள் முன்னால் நாம் சொன்னால்தான் அவர் செய்வார், கடையில் தயாராக இருக்காது. சொல்லும்போது வறுக்கும் சட்டியும் தனியாக இருக்கட்டும் என்று சேர்த்துச் சொல்லுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இட்லிப் பொடிக்கு வருகிறேன். பொடியைப் பற்றி ஒரு குறையும் இல்லை. எள்ளு கமகமவென்று, பல்லில் கொஞ்சம் நறநறக்கும் பதத்தில் அரைத்திருப்பார். ஆனால் இட்லிப் பொடிக்கு இட்லி வேண்டும், நல்லெண்ணெய் வேண்டும். சீனாவில் எள்ளெண்ணெய் மலிவாகக் கிடைக்கும், ஆனால் எள்ளை வறுத்து ஆட்டியது. நிறம் கறுப்பு, வாசனை தூக்கும், சொட்டுச் சொட்டாக விடுவதற்கு ஏற்றது. அதைப் பொடியில் குழைத்தால் பொடியின் வாசனை போயே போய்விடும். செக்கில் ஆட்டிய நம்ம ஊர் நல்லெண்ணெய் ஒரு லிட்டராவது கொண்டுபோய்விடுங்கள். இட்லிக்கு நான் கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு. ஷுன்தெ பக்கம் செஞ்சுன் என்ற ஊரில் அரிசி மாவை மெல்லிய தாளாக ஆவியில் அவித்துச் செய்யும் பலகாரம் பேர்போனது. அந்த மாதிரி அரிசிச் சேவைக்கு, சாப்பாட்டுக்கு ஆகாத ஒரு மலிவான முன்பருவ அரிசியை ஊறவைத்து அரைப்பார்கள். சந்தையில் தானியக் கடைக்காரரிடம் கைபேசி மொழிபெயர்ப்பில் "சேவை செய்யும் அரிசி" என்று காட்டினேன், எடுத்துக் கொடுத்தார். நாலுக்கு ஒன்று உளுந்து. பஞ்சுபோல வந்தது. கோடையில் மாவு ஆறு மணி நேரத்தில் பொங்கிவிடும். ஜனவரியில் பொங்காது. வட சீனாவில்தான் வீட்டுக்கு வீடு வெப்பக் குழாய், தெற்கே எங்களுக்குக் கிடையாது, வீட்டுக்குள்ளேயே 10, 12 டிகிரி. அப்போது குக்கரில் தயிருக்கு என்று இருக்கும் பொத்தானை அழுத்தி அதற்குள் மாவை வைப்பேன். இட்லி உளுந்து அக்கா கடையில் இல்லை, கீழமாசி வீதி அண்ணாச்சி கடைகளில் தோல் நீக்கியதாக வாங்குங்கள்.

இனி குறை. இது சின்னக் குறை இல்லை. ஃபோஷானில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தெற்கிலிருந்து ஈரக்காற்று திரும்பும். குளிர்ந்துபோன சுவரும் தரையும் வியர்த்துத் தண்ணீராக வழியும். துணி காயாது, அலமாரியில் பூஞ்சை பிடிக்கும், அப்பளம் துணிபோலத் தொய்ந்துவிடும். அந்தக் காலத்தில் பொடியைக் காப்பது உறைதான். அக்கா போடும் உறை மெல்லிசு, ஓரத்தில் ஒரே ஒரு ஒட்டு. போன மார்ச்சில் ஒரு கிலோவுக்கு மேல் பொடி கட்டிபட்டு, கசந்து, கீழே கொட்ட வேண்டியதாகப் போயிற்று. பணத்தைவிட, அங்கே வேறு வழியில்லையே என்ற ஆற்றாமைதான் பெரிது. திரும்பி வந்து சொன்னேன். தடித்த உறை வாங்கி வைத்திருக்கிறார், ஆனால் நாம் கேட்டால்தான் போடுகிறார். கேளுங்கள். கால் கிலோவாகக் கட்டாமல் 100 கிராம், 100 கிராமாகக் கட்டச் சொல்லுங்கள், ஒன்றைப் பிரித்தால் மற்றது காற்றுப் படாமல் இருக்கும். அங்கே போனதும் எல்லாவற்றையும் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

இரண்டாவது குறை, உறையில் பேனாவால் "ரசம்", "பருப்பு" என்று எழுதுவதோடு சரி. என்ன சேர்த்தது, என்றைக்கு அரைத்தது எதுவும் இல்லை. சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து பழுப்புப் பொடியைத் தூக்கிப் பார்த்தால் நாம் என்ன சொல்வது? குவாங்சோ விமான நிலையத்தில் என் பெட்டியை எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டு ஓரமாக வரச் சொன்னார்கள். மோந்து பார்த்து, மொழிபெயர்ப்பில் கேட்டு, விட்டுவிட்டார்கள். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், ஆனால் அரை மணி நேரம் எனக்கு நெஞ்சு படபடத்தது. அதற்குப் பிறகு வீட்டிலேயே ஆங்கிலத்திலும் சீனத்திலும் பொருள் பெயர், சேர்மானம் எழுதி அச்சடித்து ஒட்டிக்கொண்டு போகிறேன். உணவுப் பாதுகாப்பு உரிமம் வைத்திருக்கும் கடை, சுவரில் சான்றிதழ் தொங்குகிறது. அந்த எண்ணையும் தேதியையும் ஒரு சீட்டில் அச்சடிக்க என்ன செலவு ஆகிவிடும்?

தபாலில் அனுப்பச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். கூரியர் கட்டணம் பொடியின் விலையைத் தாண்டிவிடுகிறது, சுங்கத் தடைகளும் பார்சலுக்கு அப்படியே பொருந்தும். யாராவது வரும்போது கொடுத்தனுப்புவதுதான் நடக்கிற வழி. இப்போது அது கொஞ்சம் சுலபம். 2020இல் நின்றுபோன நேரடி விமானம் 2025 அக்டோபரில் கொல்கத்தாவிலிருந்து குவாங்சோவுக்குத் திரும்பத் தொடங்கியது. அதுவரை மதுரையிலிருந்து கொழும்பு, சிங்கப்பூர் என்று சுற்றித்தான் போய்க்கொண்டிருந்தோம்.

அங்கிருந்தபடியே ஆர்டர் சொல்வதிலும் ஒரு சிக்கல். அக்கா வாட்ஸ்அப்பில்தான் ஆர்டர் எடுக்கிறார். சீனாவில் வாட்ஸ்அப் திறக்காது. அங்கே எல்லோரும் பேசிக்கொள்ளும் வீசாட் செயலியை இந்தியா 2020 ஜூனில் தடை செய்துவிட்டது. அம்மாவிடமும் மகளிடமும் பேசுவதற்கே இந்திய சிம்மை சர்வதேச ரோமிங்கில் வைத்திருக்கிறேன், அதில் வாட்ஸ்அப் வரும். அந்த ரோமிங் செலவையும் உங்கள் மாதக் கணக்கில் ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள், யாரும் இதை முன்கூட்டிச் சொல்வதில்லை.

கடை காலை 10 மணிக்குத் திறக்கும். மதியம் 2 முதல் 4 வரை அடைப்பு. ஞாயிறு அரை நாள். ஜிபே உண்டு. போனை எடுப்பது அபூர்வம், நேரில் போவதுதான் நல்லது. புறப்படும் நாளுக்கு ஒரு வாரம் முன்னால் சொல்லிவிட்டால் புதிதாக வறுத்து அரைத்துத் தருவார். முதல் நாள் போய் நின்றால் அலமாரியில் இருப்பதுதான் கிடைக்கும். பேரம் பேசாதீர்கள். கூடவே உறையில் தேதியும் சேர்மானமும் அச்சடித்து ஒட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். நான் ஒருத்தி கேட்டதற்குத் தடித்த உறை வந்தது, கசகசா இல்லாத மசாலா வந்தது. இன்னும் நாலு பேர் கேட்டால் அந்தச் சீட்டும் வந்துவிடும்.